வேலிக்குள்ளும் வேலிக்கு வெளியிலும்: ஒஸ்லோவில் பூந்தோட்டத்தின் ஓராண்டு

யூன் மாதத்தில் ஒஸ்லோவைச் சூழ்ந்த வீதியோரச் சரிவுகளிலும் தொடருந்துப் பாதையோரங்களிலும் நீலமும் ஊதாவும் இளஞ்சிவப்புமாக நிமிர்ந்து நிற்கும் பூக்கதிர்களைக் காணலாம். லுப்பின் என்பது அதன் பெயர். அதன் அழகில் மனம் பறிகொடுத்த குடும்பமொன்று, ஒரு செடியை வேரோடு அகழ்ந்து வந்து தம் வீட்டு முற்றத்தில் நட விரும்புவது இயல்பே. ஊரில் நல்ல பூமரம் ஒன்றைக் கண்டால் உரியவரிடம் கேட்டு ஒரு பதியமோ தடியோ வாங்கி வந்து நடுவதே வழக்கம். நோர்வேயிலோ, தோட்ட லுப்பினைப் புதிதாக நடுவதும் விற்பதும் இறக்குமதி செய்வதும் 2016 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த அந்நிய உயிரினங்கள் பற்றிய ஒழுங்குவிதியால் தடைசெய்யப்பட்டுள்ளன. பயிரிடுவோரின் நல்லெண்ணம் இத்தடைக்கு விலக்காகாது.

வீட்டுத் தோட்டம் எனினும் அதில் தோட்டக்காரரின் விருப்பம் மட்டும் ஆட்சி செய்வதில்லை. ஒஸ்லோவில் அதை ஒளியும் உறைபனியும் ஆள்கின்றன. வேலியைத் தாண்டிச் செல்பவற்றைச் சட்டம் ஆள்கின்றது. இவ்விரண்டையும் ஆண்டின் ஒழுங்கில் விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

ஒளியும் மண்ணும்

யாழ்ப்பாணத்தில் தோட்டத்தின் நாட்காட்டியை நீர் எழுதுகின்றது. மாரி மழை எப்போது தொடங்கும், கிணற்றில் எவ்வளவு ஊறும் என்பவையே அங்கு கேள்விகள். ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே அங்குள்ள வேறுபாடு ஒரு மணித்தியாலத்தைச் சற்றே விஞ்சும். ஒஸ்லோவிலோ யூன் மாத நடுவில் பகல் ஏறத்தாழ 19 மணித்தியாலம். டிசெம்பரில் 6 மணித்தியாலத்துக்கும் குறைவு. ஆகவே இங்கு ஒரு செடி குளிர்காலத்தில் வாடுவதற்குக் குளிரை மட்டும் காரணமாகக் கொள்ளலாகாது. வெப்பமூட்டிய அறையின் யன்னலோரத்தில் நிற்கும் கறிவேப்பிலை இலையுதிர்ப்பது பெரும்பாலும் ஒளிக்குறைவினாலாகும். அதைக் கண்டு பதறி மேன்மேலும் நீர் வார்ப்பதால் வேர் அழுகுகின்றது. நவம்பர் முதல் பெப்ரவரி வரை மேல்மண் காய்ந்த பின்னரே சிறிதளவு நீர் விடுதல் வேண்டும். உரமிடுதலை முற்றாக நிறுத்தலாம். மல்லிகைக்கும் இதுவே பொருந்தும்.

மண்ணின் வரலாறும் அறியத்தக்கது. பனியூழியின் முடிவில் கடல்மட்டம் இன்றைய ஒஸ்லோவில் ஏறத்தாழ 220 மீற்றர் உயரம் வரை இருந்தது. இன்று வீடுகள் நிற்கும் நிலத்தின் பெரும்பகுதி அக்காலத்தில் கடலடித் தளமாகும். அங்கு படிந்த களிமண்ணே பல தோட்டங்களில் மண்வெட்டியில் ஒட்டிக்கொள்வது. இம்மண்ணில் சத்து உண்டு, காற்றோட்டம் இல்லை. பனி உருகிய உடனே, ஆர்வ மிகுதியால் ஈரக் களியில் இறங்கி மிதிப்பதும் கொத்துவதும் அந்த ஆண்டு முழுவதற்கும் மண்ணை இறுகச் செய்யும். ஒரு பிடி மண்ணை எடுத்து அழுத்திப் பார்த்தல் நன்று. உருண்டையாக ஒட்டிக்கொண்டால் காத்திருக்க வேண்டும். உதிர்ந்தால் வேலையைத் தொடங்கலாம். கூட்டெரு இடுவதே களிமண்ணுக்குரிய நிலையான மருந்து. அதுவும் ஓராண்டில் பயன் தந்துவிடாது.

செடி வாங்குவோர் அட்டையில் எச் என்ற எழுத்துடன் ஓர் எண்ணைக் காண்பர். நோர்வே 1 முதல் 8 வரையான தாங்குதிறன் வலயங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. 1 மிக மிதமான கரையோரம். எண் கூடக் கூடக் குளிர் கடுமையாகும். ஃபியோர்ட் கரையை அண்டிய தோட்டத்தில் தழைக்கும் செடி, உயரத்திலுள்ள வெஸ்ட்லியிலோ ஹோல்மென்கொல்லன் சரிவிலோ மடிந்துவிடக்கூடும். தம் வீடு இருக்கும் வலயத்தின் எண்ணையோ அதனினும் கூடிய எண்ணையோ கொண்ட செடியை வாங்குவது பாதுகாப்பானது.

இளவேனில்: பொறுமையின் காலம்

துலுக்கச் செவ்வந்தி இங்கு தாகெத்தெஸ் என்ற பெயரில் விற்கப்படுகின்றது. பூசைக்கும் மாலைக்கும் அதை வளர்க்க விரும்புவோர் மார்ச் இறுதியிலோ ஏப்ரல் தொடக்கத்திலோ யன்னலோரத் தட்டுகளில் விதையிடலாம். நாற்று முளைத்ததும் அறையின் வெப்பத்தைக் குறைத்து ஒளியைக் கூட்ட வேண்டும்; வெப்பம் மிகுந்து ஒளி குறைந்தால் நாற்று நூலென நீண்டு சாயும்.

பலர் பிழைவிடுவது மே மாதத்தில்தான். நோர்வேயின் தேசிய நாளான மே 17 நெருங்கும்போது கடைகள் பூச்செடிகளால் நிறைகின்றன. பகலில் வெயிலும் எறிக்கின்றது. ஆயினும் தெளிந்த வானமும் காற்றில்லாமையும் சேர்ந்த இரவொன்றில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே இறங்கினால், செவ்வந்தியும் டாலியாவும் ஒரே இரவில் கருகிவிடும். குளிர்காற்று நீரைப்போல் தாழ்ந்த இடம் நோக்கி வழிந்து தேங்குமாதலால், குரூருத் பள்ளத்தாக்கின் அடிநிலத்தில் இந்த ஆபத்து அதிகம். மே இறுதி வரையும், உயர்ந்த இடங்களில் யூன் தொடக்கம் வரையும் பொறுத்தல் தகும். ஸ்தேமூர்ஸ்புளொம்ஸ்த் எனப்படும் பூவகை மட்டும் இளம் உறைபனியைத் தாங்கும்; ஏப்ரலிலேயே அதை மாடத்தில் வைக்கலாம்.

வீட்டுக்குள் வளர்ந்த செடியை நேரே வெயிலில் வைத்தலும் தவறு. முதல் நாள் நிழலில் இரண்டு மணித்தியாலம், மறுநாள் சற்றுக் கூடுதலாக என ஒரு வாரம் பழக்க வேண்டும். மல்லிகையையும் கறிவேப்பிலையையும் இரவு வெப்பநிலை 10 பாகைக்கு மேல் நிலைக்கும் வரை வெளியே விடலாகாது. ரோசாவைக் கத்தரிக்கும் காலத்துக்கு இந்நாட்டவர் ஓர் அழகிய அடையாளம் வைத்துள்ளனர்: பியர்க் மரத்தின் தளிர் எலியின் காதளவு ஆகும்போது கத்தரிக்கோலை எடுக்க வேண்டும். ஆண்டுக்கு ஆண்டு திகதி மாறினும் இவ்வடையாளம் பெரிதும் பிழைப்பதில்லை.

கோடை: நீரும் நத்தையும்

ஒஸ்லோவின் குடிநீரில் ஏறத்தாழ 90 வீதம் மாரிடால்ஸ்வான் ஏரியிலிருந்து வருகின்றது. தோட்டத்துக் குழாயும் சமையலறைக் குழாயும் ஒரே ஏரியின் நீரையே தருகின்றன. 2018ஆம் ஆண்டின் வறண்ட கோடையைக் கண்டவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். நாள்தோறும் மேலாகத் தெளிப்பதைவிட வாரத்தில் ஒரு முறை அல்லது இரு முறை, மாலையிலோ அதிகாலையிலோ, வேர்வரை இறங்குமாறு ஊற்றுவது செடிக்கும் ஏரிக்கும் நன்மை. மாடத்துச் சாடிகள் இதற்கு விலக்கு. அவை வெயில் நாளில் நாளாந்தம் நீர் கேட்கும்.

ஓடில்லாத பழுப்பு நத்தை, புரூன்ஸ்கூக்ஸ்னெய்ல், நோர்வேயில் முதன்முறையாக 1988இல் பதிவு செய்யப்பட்டது. அது தன் முயற்சியால் நெடுந்தூரம் செல்வதில்லை. சாடியின் அடியிலும் மண்கட்டியிலும் ஒளிந்து, மனிதரின் கையாலேயே பயணம் செய்கின்றது. அயலவர்க்குச் செடி கொடுப்பது தமிழரிடையே உறவின் அடையாளம். அவ்வாறு கொடுக்கும் முன் சாடியின் அடித்துளையையும் வேர்மண்ணையும் பார்த்துவிடுவது கொடையின் ஒரு பகுதியாதல் வேண்டும். கோடையின் பிற்பகுதியில் இந்நத்தை பலகைகளின் அடியிலும் ஈர மண்ணிலும் வெண்ணிறக் குவியலாக முட்டையிடும்; ஒரு நத்தை நூற்றுக்கணக்கில் இடும். வளர்ந்தவை பெரும்பாலும் குளிருக்கு முன் இறந்துவிட, முட்டைகளும் குஞ்சுகளும் அடுத்த ஆண்டைத் தொடர்கின்றன. எனவே இளவேனிலில், முட்டையிடும் பருவத்துக்கு முன், மாலை வேளைகளில் கையுறையுடன் பொறுக்கி அழிப்பதே மிகுந்த பயன் தரும். உப்பைத் தூவுவது மண்ணைக் கெடுக்கும்.

தடைசெய்யப்பட்ட செடிகள்

லுப்பின் ஏன் குற்றவாளியாயிற்று என்பதை அறிந்தால் சட்டத்தின் நோக்கம் புலப்படும். வட அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இச்செடி அவரை இனத்தைச் சேர்ந்தது. காற்றிலுள்ள நைதரசனை வேர்முடிச்சுகளில் சேர்த்து மண்ணை வளமாக்குகின்றது. ஊர்த் தோட்டக்காரர் இதை நற்பண்பு என்பார். எனினும் இந்நாட்டின் இயற்கைப் பூம்புல்வெளிகள் சத்துக் குறைந்த மண்ணிலேயே செழிப்பவை. மண் வளமானதும் உயர்ந்து வளரும் செடிகள் பெருகி, தாழ்ந்து வளரும் காட்டுப்பூக்கள் ஒளியிழந்து மறைகின்றன. காய் முற்றி வெடிக்கும்போது விதைகள் பல மீற்றர் தூரம் சிதறும். மண்ணுள் பல பத்தாண்டுகள் உயிருடன் கிடக்கும்.

கடற்கரைகளில் பரவும் சுருள் இலை ரோசா (ரின்கெரோஸெ), மஞ்சள் கதிருடைய கானடாகுல்ரிஸ், ஓடைக்கரைகளில் ஆளுயரம் வளரும் ஷெம்பெஸ்ப்ரிங்ஃப்ரோ, மூங்கில்போன்ற கணுத்தண்டுடைய பார்க்ஸ்லிரெக்னெ ஆகியவையும் இவ்வகையில் அடங்கும். இவற்றுள் கடைசியாகக் கூறியது மிகக் கொடியது. வேர்த்தண்டின் சிறு துண்டொன்று மண்ணோடு சென்றாலும் புதிய இடத்தில் முளைக்கும். அதை வெட்டிக் கூட்டெருக் குழியில் இடுவது நட்டு வைப்பதற்கு ஒப்பாகும்.

முன்பே தோட்டத்தில் நிற்கும் லுப்பின் ஒன்றை வைத்திருப்பது தன்னளவில் குற்றமன்று. அது வேலிக்கு வெளியே பரவாதவாறு கவனிக்கும் கடமை உரியவருக்கு உண்டு. காய் கட்டுமுன் பூக்கதிரை வெட்டுதல் அதன் எளிய வழி. வீதியோர லுப்பினை வேரின்றிப் பூவாகப் பறித்து வீட்டில் வைப்பதற்கும் தடையில்லை. வாடிய பின் காட்டோரத்தில் எறியாமல் கழிவுப் பையில் இட வேண்டும். தோண்டியெடுத்த செடிகளை மூடிக் கட்டிய பையில் ஹரால்ட்ருத் போன்ற மீள்பயன்பாட்டு நிலையத்துக்குக் கொண்டுசென்று, அவை எவை என அங்குள்ள பணியாளரிடம் கூறி ஒப்படைத்தல் வேண்டும்; சாதாரணத் தோட்டக் கழிவுடன் கலக்கலாகாது.

விடுமுறைக்கு ஊர் சென்று திரும்புவோர் வேருள்ள கன்றுகளையோ பதியங்களையோ பயணப்பெட்டியில் கொண்டுவருவதும் இதனோடு தொடர்புடையது. ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து அவ்வாறு கொண்டுவர ஏற்றுமதி நாட்டின் தாவரநலச் சான்றிதழ் தேவை. மண்ணுடன் புழுவும் பூஞ்சணமும் வருவதே காரணம். புறப்படுமுன் உணவுப் பாதுகாப்பு அதிகாரசபையாகிய மாத்தில்சீனெயின் விதிகளைப் பார்த்துக்கொள்வது விமான நிலையத்தில் ஏற்படும் மனவருத்தத்தைத் தவிர்க்கும்.

அயலவரும் சிறுவரும்

1961ஆம் ஆண்டின் அயலவர் சட்டம் மரங்களைப் பற்றி ஓர் எளிய அளவுகோலைத் தருகின்றது. ஒரு மரம் அயலவரின் வீடு, தோட்டம், முற்றம், பயிர்நிலம் ஆகியவற்றிலிருந்து தன் உயரத்தின் மூன்றிலொரு பங்கைவிடக் குறைந்த தூரத்தில் நின்று, அதை அகற்றுவது அயலவருக்குப் பொருட்படுத்தத்தக்க நன்மையாயின், அவர் எழுத்தில் அறிவித்து அகற்றுமாறு கேட்கலாம். 9 மீற்றர் மரத்துக்கு 3 மீற்றர் எல்லை. நடும்போது இடுப்பளவே உள்ள கன்று இருபதாண்டில் எவ்வளவாகும் என எண்ணி நடுவது, பிற்காலத்தில் கடிதம் வருவதைத் தடுக்கும். அடுக்குமாடிகளில் வசிப்போர் மாடக் கைப்பிடிக்கு வெளியே பூச்சாடி தொங்கவிடுமுன் தம் வீட்டுக் கூட்டுறவின் வீட்டு விதிகளைப் படிக்க வேண்டும். பல இடங்களில் உட்புறமாக மட்டுமே தொங்கவிட அனுமதி உண்டு.

அலரியின் நச்சுத்தன்மை ஈழத்தவர்க்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதைப்போலவே இதயத்தைத் தாக்கும் நச்சு, இங்குள்ள தோட்டங்களில் அழகுக்காக வளர்க்கப்படும் ரேவெபியெல்லெ என்ற ஊதா மணிப்பூவிலும், லில்யெகொன்வால் என்ற நறுமண வெண்பூவிலும் உண்டு. பின்னதன் இலையை உண்ணத்தக்க காட்டுப் பூண்டின் இலையென மயங்குவோரும் உளர். குழந்தை ஏதேனும் ஒரு செடியை வாயிலிட்டதாக ஐயம் எழுந்தால், அறிகுறிக்குக் காத்திராமல் நச்சுத் தகவல் நிலையத்தை 22 59 13 00 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம். உயிராபத்தெனில் 113.

இலையுதிர்காலமும் அதன் பின்னும்

செப்ரெம்பரில் இரவுகள் குளிரத் தொடங்கியதும் மல்லிகை உள்ளே வர வேண்டும். அதே மாதத்திலும் ஒக்ரோபரிலும் டியூலிப், பாஸ்கெலில்யெ ஆகியவற்றின் கிழங்குகளை அவற்றின் உயரத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆழத்தில் நட வேண்டும். நகரின் புறப்பகுதிகளில் இரவில் இறங்கிவரும் சிறுமான்கள் டியூலிப்பை விரும்பி உண்ணும். நச்சுடைய பாஸ்கெலில்யெயைத் தொடுவது அரிது. டாலியாவின் இலை முதல் உறைபனியில் கருகியபின் கிழங்கை அகழ்ந்து, மண் உதிர்த்து, உறையாத குளிர்ந்த நிலவறையில் வைத்தல் வேண்டும். ரோசாவின் அடியில் ஒரு சாண் உயரம் மண் அணைத்துக் கிரான் மரக் கிளைகளால் மூடலாம். என்றும் பசுமையான செடிகள் மார்ச் வெயிலில் காய்ந்து போவது, உறைந்த மண்ணிலிருந்து நீர் எடுக்க இயலாமையினால். நிலம் உறையுமுன் அவற்றுக்கு நிறைய நீர் ஊற்றியிருக்க வேண்டும்.

சொந்த நிலமில்லாதவர்களுக்கும் இந்நகரில் வழியுண்டு. ரூடெலொக்காவில் 1907இல் தொடங்கிய குடில்தோட்டமே ஒஸ்லோவில் முதலாவது. இத்தகைய குடில்தோட்டங்களுக்கும், குடிலற்ற பாத்தித் தோட்டங்களாகிய பார்செல்ஹாகெகளுக்கும் காத்திருப்போர் பட்டியல் நீண்டது. ஆகவே விருப்பமுள்ளோர் முற்கூட்டியே பெயர் பதிதல் நன்று.

எச்செடியை வாங்குவது எனத் தெரியாதோர் தோயென் தாவரவியற் பூங்காவுக்குச் செல்லலாம். 1814இல் நிறுவப்பட்ட அப்பூங்காவில் ஊல்டெமூர்ஸ் ஹாகெ, அதாவது பூட்டியின் தோட்டம், என்றொரு பகுதி உள்ளது. நோர்வேயின் பழைய வீட்டுத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகத் தாங்கி நின்ற பூச்செடிகள் அங்கு சேகரிக்கப்பட்டுள்ளன. நினைவிழப்பு நோயுடையோர் வாசனையாலும் தொடுகையாலும் பழைய நாட்களை மீட்டுக்கொள்ளும் வகையில் அது அமைக்கப்பட்டது. முதியோரை உடன் அழைத்துச் செல்லலாம். பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை.