பழைய எக்ஸிட் விளக்குகள்: வாங்குவது முதல் எரியவைப்பது வரை

1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கின் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில் தீப்பிடித்தபோது, தப்பிக்க வேண்டிய ஒரு கதவு பூட்டிக் கிடந்தது. 146 பேர் இறந்தார்கள்; பெரும்பாலோர் இளம்பெண்கள். அந்தத் தீயை அடுத்து அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் 1913-இல் உயிர்ப் பாதுகாப்புக்கென ஒரு குழுவை அமைத்தது. அந்தக் குழுவின் உழைப்பில் 1927-இல் கட்டட வெளியேறும் வழிகளுக்கான விதித்தொகுப்பு வந்தது. அமெரிக்கத் திரையரங்கு, பள்ளி, ஓட்டல் வாசல்களுக்கு மேலே ‘EXIT’ என்ற எழுத்தோடு இரவு பகலாக எரிந்த தகர, கண்ணாடி விளக்குகளுக்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது. அவற்றைச் சேகரிப்பவர்கள் இன்று நிறையப் பேர். சீரமைக்க இறங்குபவர் ஒன்றை மட்டும் மனத்தில் வைத்தால் போதும்: வெளித்தோற்றம் பழையதாகவே இருக்கட்டும்; மின் இணைப்பு முழுவதும் புதியதாக இருக்கட்டும்.

1. வகை தெரிந்து வாங்குங்கள்

பழைய விளக்குகளில் மூன்று வகைகள் அதிகம் கிடைக்கும். முதல் வகையில், எழுத்து வெட்டிய தகர முகப்புக்குப் பின்னால் சிவப்புக் கண்ணாடி இருக்கும். இரண்டாவது, பால் கண்ணாடியில் சிவப்பிலோ பச்சையிலோ எழுத்து தீட்டியது. மூன்றாவது, ஆப்பு வடிவில் வார்த்த கண்ணாடிக் கூண்டு. இரு பக்கத்திலிருந்தும் படிக்கலாம். எந்த நிறம் என்பதை அந்தந்த ஊர் விதி தீர்மானித்ததால், பச்சை விளக்கைப் போலி என்று ஒதுக்க வேண்டாம்.

விலையைத் தீர்மானிப்பது கண்ணாடிதான். தகரம் நசுங்கியிருந்தால் தட்டி நிமிர்த்தலாம். உடைந்த கண்ணாடிக்கு மாற்று கிடைப்பது அரிது. விளிம்பில் விரலை மெதுவாக ஓட்டி மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். உற்பத்தியாளர் பெயர் பொறித்த தகடு இருந்தால் இன்னும் நல்லது. இடித்த கட்டடங்களின் பொருள்களை விற்கும் கடைகளிலும் பழம்பொருள் சந்தைகளிலும் தேடுங்கள். இயங்கும் கட்டடத்திலிருந்து கழற்றிய விளக்கை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

2. டிரிட்டியம் விளக்கைத் தொடாதீர்கள்

ஒயர் இல்லாமல், கதிரியக்க எச்சரிக்கைச் சின்னத்தோடு ஒரு விளக்கு விற்பனைக்கு வந்தால் விலகிவிடுங்கள். அதனுள் இருக்கும் கண்ணாடிக் குழாய்களில் டிரிட்டியம் என்ற கதிரியக்க வாயு அடைத்திருக்கும். அதன் அரை ஆயுள் சுமார் 12.3 ஆண்டுகள். ஒளி மங்கிப்போனாலும் கதிரியக்கம் மிஞ்சியிருக்கும். அதைத் திறக்கவோ, குப்பையில் போடவோ, கைமாற்றவோ அமெரிக்காவில் கடும் கட்டுப்பாடு உண்டு.

3. பிரிப்பதற்கு முன் படம் எடுங்கள்

ஒவ்வொரு ஸ்க்ரூவையும் கிளிப்பையும் கழற்றும்முன் படம் எடுத்து, தனித்தனி டப்பாவில் போடுங்கள். துருப்பிடித்த ஸ்க்ரூவில் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். கண்ணாடி இருக்கும்போது சுத்தியலைக் கையில் எடுக்கவே கூடாது. முதலில் கண்ணாடியைக் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள்.

உள்ளே பல்புக்கு நேர்மேலே பெயிண்ட் கருகிப் பழுப்பேறிய வட்டம் ஒன்று தெரியும். வருடக்கணக்கில் அணையாமல் எரிந்த சூட்டின் தடம் அது. அங்கே துணி சுற்றிய பழைய ஒயரை லேசாக வளைத்தாலே உள்ளிருக்கும் ரப்பர் பொடிப்பொடியாக உதிரும். பார்க்க நன்றாக இருந்தாலும் அந்த ஒயரை நம்பக் கூடாது. வெள்ளை நாராக ஏதேனும் சுற்றியிருந்தால் அது கல்நாராக இருக்கலாம். பிய்க்காமல், விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

4. கண்ணாடியைத் துடைப்பது

பல முகப்புகளில் எழுத்து கண்ணாடியின் பின்புறம் தீட்டப்பட்டிருக்கும். சூளையில் சுடாத பெயிண்ட் என்றால் ஸ்பிரிட் பட்டாலே கரைந்துவிடும். எனவே முதலில் ஒரு மூலையில், ஈரப் பஞ்சால் தொட்டுப் பாருங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் பின்புறத்தை அப்படியே விட்டு, முன்புறத்தை மட்டும் துடையுங்கள். நிறம் ஏறாவிட்டால் வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் போதும். ஊறவைக்காதீர்கள், நார் கொண்டு தேய்க்காதீர்கள். எழுத்தின் ஓரத்தில் தெரியும் தூரிகைத் தடம் திரும்பக் கிடைக்காது.

5. தகரமும் பெயிண்டும்

அமெரிக்காவில் வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயத்துக்குத் தடை வந்தது 1978-இல்தான். அதனால் பழைய பெயிண்டை உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்துத் தூசி கிளப்பக் கூடாது. நனைத்துத் தேய்த்து, முகமூடி அணிந்து, கழிவைத் தாளில் சுருட்டி அப்புறப்படுத்துங்கள். குழந்தைகளை அருகே விடாதீர்கள். துரு உள்ள இடத்தில் மட்டும் சுரண்டி, பிரைமர் அடித்து, நிறம் பொருத்துங்கள். மற்ற இடங்களில் மெழுகு பூசினால் போதும். மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்தால் விளக்கின் வயதே போய்விடும்.

6. புதிய ஒயரிங்

பீங்கான் ஹோல்டர், சூடு தாங்கும் ஒயர், ஒயர் நுழையும் துளைக்கு ரப்பர் வளையம், இழுத்தால் பிடுங்கிக்கொள்ளாதபடி கிளாம்ப் ஆகியவை வேண்டும். திருகு வகை ஹோல்டரில் ஃபேஸ் ஒயர் நடு முனைக்கும், நியூட்ரல் மரைப் பகுதிக்கும் போக வேண்டும். தகரக் கூட்டை எர்த்துடன் கட்டாயம் இணையுங்கள். அமெரிக்க விளக்கு 120 வோல்ட்டுக்குச் செய்தது. இந்தியாவிலோ இலங்கையிலோ 230 வோல்ட் ஓடுவதால், அங்கே அதற்கேற்ற ஹோல்டரும் பல்பும் போடுங்கள்.

ஒரு பல்பு போனாலும் வழி தெரியட்டும் என்று பல விளக்குகளில் இரண்டு பல்புகள் வைத்தார்கள். அந்த அமைப்பை மாற்றாதீர்கள். 2 முதல் 4 வாட் எல்.இ.டி. போதும், சூடும் குறையும். சுமார் 2,700 கெல்வின் கொண்ட மஞ்சள் ஒளி சிவப்புக் கண்ணாடிக்கு நன்றாகப் பொருந்தும். வெள்ளை ஒளியில் அந்தச் சிவப்பு வெளிறிவிடும்.

மின்சாரம் கொடுக்கும்முன், ஃபேஸுக்கும் கூட்டுக்கும் இடையே தொடர்பு இல்லை என்று மல்டிமீட்டரில் உறுதி செய்யுங்கள். முதல் முறை சில மணி நேரம் பக்கத்திலிருந்தே எரியவிட்டுச் சூட்டைக் கவனியுங்கள். மின்வேலையில் பழக்கமில்லாதவர்கள் இந்தப் படியை எலக்ட்ரீஷியனிடம் விடுவதே சரி.

7. மாட்டும் இடம்

கூடு வார்ப்பிரும்பாக இருந்தால் விளக்கு கனமாக இருக்கும். சுவரில் உறுதியான ஆங்கர் போல்ட்டில் மாட்டுங்கள். கடையிலோ அலுவலகத்திலோ சட்டம் கேட்கும் எக்ஸிட் விளக்குக்கு இது மாற்றாகாது. அதற்கு இன்றைய சான்று பெற்ற, பேட்டரி கொண்ட விளக்கு தனியாக வேண்டும். அலமாரிக் கதவுக்கும் குளியலறைக் கதவுக்கும் மேலே அழகுக்காக மாட்டுவதையும் தவிருங்கள். 1942-இல் பாஸ்டனின் கோகனட் குரோவ் விடுதித் தீயில் 492 பேர் இறந்ததற்கு, பூட்டியும் மறைத்தும் வைத்த வாசல்கள் முக்கியக் காரணம். புகையில் தடுமாறும் விருந்தாளி இந்த எழுத்தைப் பார்த்தால் நம்பி ஓடிவருவார். ஆகவே, உண்மையில் வெளியே போகும் கதவுக்கு மேலேயே மாட்டுங்கள்; இல்லையென்றால் கதவே இல்லாத சுவரில், சேகரிப்புப் பொருள் என்று பார்த்ததுமே தெரியும்படி வையுங்கள்.