கிற்றார் விரியலாக்கியில் பழுதறிதல்

மாணவர்களே, சிங்கராஜ வனத்தை அண்டிய கலவான ஈரவலயப் பிரதேசமாகும். ஈரப்பதனால் இங்கு உலோகத் தொடுகைகள் விரைவில் கறல் பிடிக்கும். ஆகவே விரியலாக்கி ஒலிக்காவிடின் "ஐ.சி. எரிந்துவிட்டது" என உடனே முடிவு செய்யாதீர்கள். முதலில் கிற்றார் வயரை மாற்றிப் பாருங்கள்.

எச்சரிக்கை: 230 வோல்ற்று வழங்கலிலிருந்து செருகியைக் கழற்றாமல் பெட்டியைத் திறக்க வேண்டாம். கழற்றிய பின்னரும் கொள்ளளவியில் ஏற்றம் எஞ்சியிருக்கலாம். பெரியவர் ஒருவரின் மேற்பார்வையிலேயே சோதியுங்கள்.

1. காட்டி விளக்கு எரியவில்லை: உருகியைச் சோதிக்குக. எரிந்திருப்பின் அதே அம்பியர் பெறுமானமுள்ள உருகியையே இடுக. அதற்குப் பதிலாகக் கம்பி சுற்றினால் குறுஞ்சுற்றின்போது நிலைமாற்றி எரியும்; வீட்டிலும் தீப்பற்றலாம். புதிய உருகியும் எரிந்தால் சீராக்கி இருவாயிகளையோ வெளியீட்டு ஐ.சி.யையோ சந்தேகிக்குக.

2. விளக்கு எரிகிறது, ஒலியில்லை: ஒலிபெருக்கியின் இணைப்பைக் கழற்றி, அதன் முனைகளில் 1.5 வோல்ற்று உலர்கலத்தைக் கணநேரம் தொடுக. "டிக்" எனக் கேட்டால் சுருள் அறுபடவில்லை. அடுத்து, கிற்றார் செருகும் துளையின் ஈயப்பற்று வெடித்துள்ளதா எனப் பார்க்குக.

3. வயரைக் கழற்றி, ஒலிக் குமிழைக் குறைத்தும் இரைச்சல் நீடிக்கிறது: ஒப்பமாக்கும் கொள்ளளவி பழுதாகியிருக்கலாம்.

4. குமிழைத் திருப்பும்போது கரகரப்பு: மாறுந்தடையியில் அழுக்கு.

வினா: வழங்கலின் மீடிறன் 50 ஹேர்ட்ஸ். கொள்ளளவி பழுதாகும்போது எழும் இரைச்சல் 100 ஹேர்ட்ஸாவது ஏன்?

விடை: முழு அலைச் சீராக்கலில் ஆடலோட்ட அலையின் இரு அரைப் பகுதிகளும் ஒரே திசைக்கு மாற்றப்படுவதால் ஒரு வட்டத்தில் இரு துடிப்புகள் தோன்றும்.