கடைசல் பட்டறையில் ஒரு வெப்ப விரிவுப் பாடம்

பத்தாம் வகுப்பில் 'வெப்ப இயற்பியல்' நடத்தும்போது தண்டவாள இடைவெளியைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்லி வந்தேன். மதுராந்தகத்தில் என் மாணவன் ஒருவன் கேட்ட கேள்வி அதை மாற்றியது. சொர்ணவாரிப் பயிருக்கு நீர் இறைக்கும் டீசல் எஞ்சினின் கிராங்க் ஷாஃப்ட் தேய்ந்துபோக, அவன் அப்பா வெல்டிங் வைத்து நிரப்பிக் கடைந்து வாங்கி வந்திருக்கிறார். பத்தே நாளில் பேரிங் மறுபடி போய்விட்டது. பயிரோ காய்ந்துகொண்டிருந்தது. "அளவு சரியா இருக்குன்னு அப்பா கண்ணு முன்னாடியே அளந்து காட்டினாங்க சார். அப்புறம் எப்படி மாறும்?" எனக்கு உடனே விடை தெரியவில்லை.

வேறொரு லேத் பட்டறையில் போய் விசாரித்தேன். அங்கிருந்த பெரியவர் முதலில் கேட்டது, "சூட்டோட அளந்தாங்களா?" என்றுதான்.

எஃகின் நீள் வெப்ப விரிவு குணகம் ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஏறத்தாழ 0.000012. கடைந்த சூட்டில் 40 டிகிரி கூடுதலாக இருக்கும் 50 மி.மீ. தண்டு, 50 × 0.000012 × 40 = 0.024 மி.மீ. பருத்திருக்கும். சூட்டில் 50 காட்டியது ஆறியதும் 49.976 ஆகிவிடும். பேரிங்குக்கு விடும் இடைவெளியே நூற்றில் சில பங்கு மி.மீ.தான். (அலுமினியத்துக்குக் குணகம் 0.000023. அந்தக் கணக்கை மாணவர்களே போடட்டும்.)

சூடு மட்டும் காரணமல்ல. வெல்டிங் வைத்த உலோகம் ஆறும்போது சுருங்கித் தண்டைத் தன் பக்கம் இழுக்கும். அதனால்தான் முன்கூட்டியே சூடேற்றி, எதிரெதிர்ப் பக்கங்களில் சிறிது சிறிதாக மாற்றி வைத்து, உலர்ந்த மணலிலோ சாம்பலிலோ புதைத்து மெல்ல ஆறவிடுகிறார்கள். அவசரத்துக்குத் தண்ணீர் ஊற்றினால் போச்சு! அப்படியும் உள்ளே கொஞ்சம் தகைவு தங்கும். மேற்பரப்பைக் கடைந்து எடுத்ததும் அது சமநிலை குலைந்து தண்டை மீண்டும் வளைக்கும். எனவே அளவுக்குச் சற்று மிச்சம் விட்டுக் கடைந்து, கழற்றி ஆறவைத்து, டயல் கேஜில் சுழற்றிப் பார்த்த பிறகே கடைசி கிரைண்டிங்.

பிடிப்பும் அளவைக் கெடுக்கும். மெல்லிய சிலிண்டர் லைனரை மூன்று ஜா சக்கில் இறுக்கிக் கடைந்தால், சக்கில் இருக்கும்வரை வட்டம். கழற்றினால் மூன்று பக்கமும் கோணல். இதை வகுப்பில் காட்ட ஒரு தடித்த ஸ்பாஞ்சு போதும். அடியில் நடுவே பென்சிலை வைத்து, இரு முனைகளையும் இரு மாணவர்கள் அழுத்திப் பிடிக்கட்டும். மேலே எழும் மேட்டை நீங்கள் கத்தரியால் சமமாக வெட்டுங்கள். கையை எடுத்ததும் சமமாக வெட்டிய இடம் குழிந்து நிற்கும். அடிப்படை இயந்திரவியல் எடுக்கும் ஆசிரியர்கள் இங்கிருந்தே தொடங்கலாம்: கடைசி வெட்டுக்கு முன் பிடியைத் தளர்த்தி, லேசாக மறுபடி இறுக்குவது ஏன்?

இரண்டாம் முறை பட்டறைக்குப் போனபோது மாணவனும் அப்பாவுடன் போயிருக்கிறான். காலையில் கடைந்ததை மாலையில்தான் அளக்க விட்டானாம்.