கைத்துப்பாக்கியின் சுருள்வில்: கழற்றலும் பூட்டலும்

பொறி யாதாயினும் அதனைக் கழற்றுதல் எளிது. மீளப் பூட்டுதலே அரிது. இவ்வுண்மையை எனக்கு உணர்த்தியவன் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன். இலக்கண பாடம் நடந்துகொண்டிருக்கையில் அவன் தன் குமிழ்முனைப் பேனாவைத் திருகிக் கழற்றினான். உள்ளிருந்த சுருள்வில் துள்ளிப் பாய்ந்து மேசைகளின் அடியில் மறைந்தது. கவனமின்மைக்காக அவனைக் கடிந்தேன். “சேர், நான் மெள்ளத்தான் திறந்தனான், அது தானாப் பாய்ஞ்சிட்டுது” என்றான்.

அவ்விடையின் நியாயத்தைக் கைத்துப்பாக்கியின் அமைப்பைப் பற்றிப் படித்தபோதே உணர்ந்தேன். 2009இல் ஓய்ந்த போரின் பின், அக்கருவியின் பெயரைக் கேட்டாலே மனம் கசக்கும் மண் நம்முடையது. உரிமமின்றி அதனை வைத்திருத்தல் 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச்சட்டப்படி குற்றமுமாகும். ஆயினும், ஒரு பொறியின் அமைப்பிலிருந்து கற்கத்தக்கதைக் கற்றல் தவறன்று.

குண்டு முன்னே பாயும்போது, துப்பாக்கியின் மேற்பகுதியாகிய வழுக்கி பின்னே தள்ளப்படும். இது நியூற்றனின் மூன்றாம் விதி. வழுக்கியின் வேகத்தைத் தணித்து, அதனை மீண்டும் முன்னே கொணர்வது சுருள்வில். அமுக்கம் கூடுந்தோறும் வில்லின் விசையும் அதே விகிதத்திற் கூடும் என்பது ஊக்கு என்பார் 1678இல் வெளியிட்ட விதி. வில்லிற் சேரும் சத்தியோ இருமடங்கு அமுக்கத்திற்கு நான்மடங்காகும். ஆதலின், விரல் வழுக்கினால் வில் பாயாமல் வேறென் செய்யும்?

பிரௌனிங் என்பார் அமைத்து, 1911இல் அமெரிக்கப் படை ஏற்றுக்கொண்ட துப்பாக்கியைக் காண்க. அதன் குழல் ஐந்து அங்குலம். குழலின் கீழே வில் அமுங்கிக் கிடக்கும். அதன் முனையை ஒரு சிறு மூடி தாங்கும். கழற்றுவோன் முன்வளையத்தைத் திருப்பும்போது பெருவிரலால் மூடியை அழுத்திப் பிடித்தல் வேண்டும். பிடி தளர்ந்தால் மூடியும் வில்லும் முகத்தை நோக்கிப் பாயும்; கண்ணுக்கே ஊறு நேரலாம்.

துப்பாக்கி குறுகக் குறுக இடர் மிகும். வழுக்கியின் எடை குறைவதால் அது மிகுந்த வேகத்துடன் பின்வாங்கும். அவ்வேகத்தை அடக்குதற்குரிய தூரமோ சிறிது. எனவே வில் வலியதாதல் வேண்டும். ஒரு வில்லினுள் மற்றொன்றை வைத்து அமைப்பதும் உண்டு. அவை ஒன்றோடொன்று சிக்காதிருத்தற்பொருட்டுப் பெரும்பாலும் எதிரெதிர்த் திசைகளிற் சுற்றப்படும்.

இதனை எளிதாக்கிய வழிகள் இரண்டு. முதலாவது, வில்லைத் தாங்கும் கோலில் நுண்துளை ஒன்றை இடுதல். வழுக்கியைப் பின்னிழுத்து, வளைத்த சிறு கம்பியை அத்துளையிற் செருகினால் வில் அமுங்கியபடியே நிற்கும். பின்னர் அதனை ஒரே தொகுதியாக வெளியில் எடுக்கலாம். பூட்டி முடிந்தபின் கம்பியை உருவிவிடலாம். காகிதக் கவ்வியின் கம்பியே இதற்குப் போதும்.

இரண்டாவது, வில்லைக் கோலிலேயே நிலையாகச் சிறைப்படுத்தல். 1982இல் ஒஸ்திரியப் படை ஏற்ற குளொக் துப்பாக்கியில், பின்னாளில் கோலும் வில்லும் பிரியாத ஒரே உறுப்பாயின. வழுக்கியைக் கழற்றியபின் அவ்வுறுப்பைச் சற்றே முன்தள்ளித் தூக்கினால் வந்துவிடும். 1990களின் நடுவில் வந்த அதன் குறுவடிவத்தில் இரட்டை வில்லும் அவ்வாறே சிறைப்பட்டது.

எவ்வகையாயினும் முதற்பணி ஒன்றே: ரவைக்கூட்டை அகற்றி, அறையினுள் ரவையில்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் தேர்தல். குளொக் வகையில் வழுக்கியைக் கழற்றுமுன் விசைவில்லை அழுத்த வேண்டியிருத்தலின், இவ்வொழுங்கு பிறழ்ந்தால் உயிரே போகலாம்.

இங்கே கருதத்தக்கது யாது? சிறைப்பட்ட வில்லின் வலிமை குறையவில்லை, கடினம் மறையவுமில்லை. பயன்படுத்துவோன் ஒவ்வொரு முறையும் பட்ட பாட்டை, ஆக்கியோன் ஒருமுறை தன்மேல் ஏற்றுக்கொண்டான். அவ்வளவே.

நம் தொழிலும் அத்தகையதே. பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என ஆறனையும் ஒரே நாளில் அவிழ்த்துக் கொட்டிவிட்டு, மாணவன் சொல்லை மீளப் பூட்டவில்லையே என்று சினக்கிறோம். பிழை அவன் கையிலன்று. நாம் கட்டிக்கொடுத்த பாடத்தில். அன்று பேனாவை இழந்தவனிடம் இதனைச் சொல்லியிருத்தல் வேண்டும். சொல்லாதது என் குறையே. இனி, கடிந்துகொள்ளுமுன் நம் பாடத்தை ஒருமுறை கழற்றிப் பூட்டிப் பார்ப்போமாக.