நம்ம வீட்டு வைஃபையில் நம்மளைத் தவிர யார்?

இந்தத் தடவை கணிப்பொறிப் பகுதிக்கு என்ன எழுதலாம் என்று பதினோராம் வகுப்பில் கேட்டேன். பாதிப் பேர் ஒரே விஷயத்தைத்தான் கேட்டார்கள். “எங்க வீட்டு வைஃபையை யாரோ யூஸ் பண்றாங்க. அவங்களை பிளாக் பண்றது எப்படி?”

யாரிடம் போய்க் கேட்டாலும் “ரூட்டருக்குள்ள போ, அந்த போனை பிளாக் லிஸ்ட்ல போடு” என்று சொல்லிவிடுவார்கள். ஒரு காலத்தில் அது சரியான பதில். இப்போது பெரும்பாலும் பலிப்பதில்லை. ஏன் என்று தெரிந்துகொண்டால், வேறு என்ன செய்யலாம் என்பதும் தெரிந்துவிடும்.

முதலில் ரூட்டர். டிவி பக்கத்தில் பச்சை விளக்கு மின்னிக்கொண்டு இருக்கிற அந்தச் சின்னப் பெட்டிதான். வெளியிலிருந்து ஒரே ஒரு ஒயரில் வருகிற இணையத்தை வீட்டில் உள்ள எல்லாக் கருவிக்கும் பிரித்துக் கொடுப்பது அதன் வேலை. வாய்க்கால் தண்ணீர் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். மேல்மடைக்காரர் மடையை முழுசாகத் திறந்துவிட்டால் கீழே உள்ள வயலுக்குச் சொட்டுதான் வரும். யாரோ ஒருத்தர் படம் டவுன்லோடு போட்டால் உங்கள் வீடியோ சுற்றிக்கொண்டே இருப்பது அதனால்தான். நம்ம ஊர்த் தெருக்களில் சுவரோடு சுவர் ஒட்டி வீடு. வைஃபைக்குச் சுவர் ஒரு தடையே இல்லை. அதிலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை, 5 கிகாஹெர்ட்ஸை விடச் சுவரை நன்றாகத் தாண்டிப் போகும். நம் வீட்டு வைஃபை அடுத்த வீட்டு அடுப்படி வரைக்கும் போவது சாதாரணம்.

‘நெட் ஸ்லோ ஆகுது, அவ்வளவுதானே, போனால் போகட்டும்’ என்று சிலர் சொல்கிறார்கள். அவர்கள் 2008ல் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

2008 ஜூலை 26ஆம் தேதி அகமதாபாத்தில் வரிசையாகக் குண்டுகள் வெடித்தன. 50க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். முதல் குண்டு வெடிப்பதற்குச் சில நிமிடங்களுக்கு முன்பு தொலைக்காட்சி நிறுவனங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. அது எங்கிருந்து வந்தது என்று போலீசார் ஐ.பி. முகவரியைப் பிடித்துக்கொண்டு போனபோது, நவி மும்பையில் சான்பாடா என்ற இடத்தில் ஒரு அமெரிக்கர் குடியிருந்த வீட்டில் போய் நின்றது. அவர் அந்த மின்னஞ்சலை அனுப்பவில்லை. அவர் வீட்டு வைஃபை பாதுகாப்பு இல்லாமல் கிடந்தது, அதை வேறு யாரோ பயன்படுத்திவிட்டார்கள். ஆனாலும் விசாரணை அவரிடம்தான் நடந்தது. அவருடைய கம்ப்யூட்டரைத்தான் எடுத்துக்கொண்டு போய்ச் சோதித்தார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 13ஆம் தேதி டெல்லியில் குண்டு வெடித்தபோதும் இதே கதைதான். அந்த மின்னஞ்சல் மும்பை செம்பூரில் ஒரு கம்பெனியின் வைஃபை வழியாகப் போயிருந்தது. இதற்கெல்லாம் பிறகு 2009 ஜனவரியில் மும்பை போலீசாரே திறந்து கிடக்கிற வைஃபை எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டு தெருவில் இறங்கினார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது இதுதான். வீட்டுக்குள் பத்து போன் இருக்கலாம். வெளியே போகும்போது எல்லாமே ஒரே இணைப்பின் பெயரில்தான் போகும். அந்த இணைப்பு யார் பெயரில் இருக்கிறது? பெரும்பாலும் அப்பா பெயரில். யார் என்ன செய்தாலும் முதலில் கதவு தட்டப்படுவது நம் வீட்டில்தான்.

சரி, யார் யார் இருக்கிறார்கள் என்று எப்படிப் பார்ப்பது? ரூட்டரைத் தலைகீழாகத் திருப்பினால் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று ஒரு எண் போட்டிருக்கும். வீட்டு வைஃபையில் இருந்துகொண்டு அந்த எண்ணை பிரவுசரில் அடித்தால் ரூட்டரின் பக்கம் திறக்கும். இதற்கு நெட் பேலன்ஸ்கூட வேண்டாம். அங்கே பாஸ்வேர்டு கேட்கும். இது வைஃபை பாஸ்வேர்டு இல்லை, வேறு. வைஃபை பாஸ்வேர்டு வீட்டுக்குள் நுழைகிற சாவி என்றால், இது பீரோ சாவி. நிறைய வீடுகளில் இதை மாற்றாமல் ‘அட்மின்’ என்றே விட்டு வைத்திருக்கிறார்கள். இணைப்புக் கொடுத்த அண்ணனிடம் கேட்டால் சொல்லுவார்.

உள்ளே ‘கனெக்டட் டிவைசஸ்’ என்றோ ‘டிஹெச்சிபி கிளையண்ட் லிஸ்ட்’ என்றோ ஒரு பட்டியல் இருக்கும். எங்கள் வீட்டில் பார்த்தபோது 12 பெயர்! வீட்டில் இருப்பதோ மூன்று போன், ஒரு டிவி, அண்ணனுக்குப் பள்ளியில் கொடுத்த லேப்டாப், வாசல் கேமரா. மொத்தம் 6. பட்டியலைப் பார்த்ததும் பதறக் கூடாது. பாதிக் கருவிக்குப் பெயரே புரியாது. வெறும் எண்ணாக இருக்கும். ஒவ்வொரு கருவியிலும் வைஃபையை அணைத்துவிட்டு, பட்டியலை ரீஃப்ரெஷ் பண்ணிப் பார்க்க வேண்டும். எந்த வரி போகிறதோ அது அந்தக் கருவி. சில ரூட்டர்களில் இணைப்பு போன பிறகும் கொஞ்ச நேரத்துக்குப் பெயர் நிற்கும். முந்தின நாள் வந்துவிட்டுப் போன அத்தையின் போன் எங்கள் பட்டியலில் அப்படித்தான் இருந்தது.

இப்போதுதான் பாடம் ஆரம்பம். அந்தப் பட்டியலில் ஒவ்வொரு கருவிக்கும் நேராக ஒரு ‘மேக் முகவரி’ இருக்கும். இரண்டு இரண்டாக ஆறு ஜோடி, மொத்தம் 12 குறிகள். 0 முதல் 9 வரை எண்கள், பிறகு ஏ முதல் எஃப் வரை ஆறு எழுத்துகள். (பதினாறடிமான எண் முறை பாடத்தில் வந்ததே, அதேதான். ரூட்டரில் ஆங்கில எழுத்தில் இருக்கும், இந்தத் தாளில் தமிழில் எழுதுகிறேன்.) ஒரு குறிக்கு 4 பிட், 12 குறிக்கு 48 பிட். முதல் மூன்று ஜோடி தயாரித்த கம்பெனிக்கு ஒதுக்கப்பட்ட எண். மிச்சம் மூன்று ஜோடி அந்தக் கருவிக்கு மட்டும் கம்பெனி கொடுக்கிற எண். அதாவது வண்டி நம்பர் மாதிரி. திண்டுக்கல் என்றால் 57 என்று முன்னால் வருகிறது அல்லவா, அந்த மாதிரி முன்பகுதியைப் பார்த்தே எந்தக் கம்பெனி என்று சொல்லிவிடலாம்.

பிளாக் லிஸ்ட் வேலை செய்வது இந்த எண்ணை நம்பித்தான். ‘இந்த நம்பர் வண்டியை உள்ளே விடாதே’ என்று வாட்ச்மேனிடம் ஒரு சீட்டு கொடுப்பது மாதிரி. ஆனால் வண்டிக்காரர் தினம் ஒரு நம்பர் பிளேட்டை மாட்டிக்கொண்டு வந்தால் வாட்ச்மேன் என்ன செய்வார்?

அதுதான் நடந்துவிட்டது. 2019ல் வந்த ஆண்ட்ராய்டு 10லும், 2020ல் வந்த ஐபோனின் ஐஓஎஸ் 14லும் ஒரு மாற்றம் செய்தார்கள். போன் தன்னுடைய உண்மையான மேக் முகவரியை வைஃபைக்குச் சொல்லாது. தானாக ஒரு முகவரியை உருவாக்கிச் சொல்லும். செட்டிங்ஸில் ஒரு தட்டு தட்டினால் உண்மை முகவரிக்கு மாறிக்கொள்ளவும் முடியும். ஒரு முகவரியை நீங்கள் பிளாக் பண்ணினால் ஆள் இன்னொரு முகவரியோடு வந்து நிற்பார். ராத்திரி பத்து மணிக்கு மேல் தம்பியின் போனுக்கு நெட் வேண்டாம் என்று ரூட்டரில் நேரம் போட்டு வைத்தவர்கள் இதைக் குறித்துக்கொள்ளவும். தம்பிகளுக்கு இது ஏற்கனவே தெரியும்.

போன் கம்பெனிகள் ஏன் இப்படிச் செய்தன? திருடனுக்கு உதவுவதற்கு இல்லை. வைஃபை ஆன் செய்த போன் போகிற இடமெல்லாம் தன் மேக் முகவரியைக் காற்றில் கூவிக்கொண்டே போகும். அதைப் பிடித்து வைத்தால் யார் எப்போது எங்கே போனார் என்று தெரிந்துவிடும். 2013ல் லண்டனில் தெருவோரக் குப்பைத் தொட்டிகளில் கருவி வைத்து, நடந்து போகிறவர்களின் போன்களை இப்படிக் கணக்கெடுத்தார்கள். விஷயம் வெளியே வந்ததும் நகர நிர்வாகம் நிறுத்தச் சொல்லிவிட்டது. குப்பைத் தொட்டிகூட வேவு பார்க்கிறது! நம் போன் பொய் முகவரி சொல்வது நமக்கு நல்லதுதான். பிளாக் லிஸ்டுக்குத்தான் கெட்டது.

பொய் முகவரியைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. முதல் ஜோடியின் இரண்டாவது குறியை மட்டும் பாருங்கள். அது 2, 6, ஏ, இ இந்த நான்கில் ஒன்றாக இருந்தால் கம்பெனி கொடுத்த எண் இல்லை, கருவி தானாக உருவாக்கியது. அந்தக் குறியைப் பைனரியில் எழுதினால் வலமிருந்து இரண்டாவது பிட் 1 ஆக இருக்கும். அதுதான் அடையாளம். 2 என்றால் 0010, 6 என்றால் 0110. மற்ற இரண்டை நீங்களே போட்டுப் பாருங்கள்.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? ஒவ்வொரு ஆளாகத் துரத்துவதை விட்டுவிட்டுப் பூட்டை மாற்ற வேண்டும். வைஃபை பாஸ்வேர்டை மாற்றினால் எல்லாரும் ஒரே நேரத்தில் வெளியே போய்விடுவார்கள். முகவரி எதுவாக இருந்தால் என்ன, சாவி இல்லாமல் யாரும் வர முடியாது. டிவி, கேமரா எல்லாவற்றிலும் திரும்பப் போட வேண்டியிருக்கும், அரை மணி நேர வேலை. வைஃபை பாஸ்வேர்டு குறைந்தது 8 குறி இருக்க வேண்டும். 63 வரை போகலாம். வீட்டு போன் நம்பர் வேண்டவே வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு முதலில் தெரிவது அதுதான். பாதுகாப்பு முறை என்ற இடத்தில் டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 இருக்க வேண்டும். பழைய டபிள்யூஇபி இருந்தால் பூட்டே இல்லாத மாதிரிதான், 2001லேயே அதன் ஓட்டையை ஆராய்ச்சியாளர்கள் காட்டிவிட்டார்கள். வைஃபை பெயரை மறைத்து வைப்பதாலும் பெரிய பிரயோஜனம் இல்லை.

டபிள்யூபிஎஸ் என்று ஒன்று இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். இதில் ஒரு கணக்கு இருக்கிறது, கணக்கு சாருக்குப் பிடிக்கும். அதன் பின் நம்பர் 8 இலக்கம். அப்படியானால் 10 கோடி விதமாக இருக்கலாம், யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்றுதான் தோன்றும். ஆனால் கடைசி இலக்கம் மற்ற ஏழிலிருந்து கணக்குப் போட்டு வருவது. அதுவுமில்லாமல் ரூட்டர் முதல் 4 இலக்கம் சரியா என்பதைத் தனியாகவும் அடுத்ததைத் தனியாகவும் சொல்லிவிடுகிறது. முதல் பாதிக்கு 10,000, இரண்டாம் பாதிக்கு 1,000. மொத்தம் 11,000 முறை முயன்றால் போதும். 2011ல் இது வெளியே வந்தது. 10 கோடி எங்கே, 11 ஆயிரம் எங்கே!

பிளே ஸ்டோரில் ‘மற்றவர்களைத் துரத்தும் ஆப்’ என்று நண்பர்கள் சிலர் வைத்திருக்கிறீர்கள். அது ‘நான்தான் ரூட்டர்’ என்று மற்ற போன்களிடம் பொய் சொல்லி வேலை செய்கிறது. தூக்கிவிடுங்கள். அனுமதி இல்லாமல் அடுத்தவர் நெட்வொர்க்கில் நுழைவது 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவில் வருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டு 12க்கு வருவோம். எங்கள் 6, அத்தை 1. இரண்டு பக்கத்து வீட்டு அக்காவும் அவங்க தம்பியும். 2020ல் பள்ளிகள் மூடியிருந்தபோது தம்பியின் ஆன்லைன் வகுப்புக்காக அம்மாவே சொன்ன பாஸ்வேர்டு. அக்கா இப்போது குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறாங்க. மீதி மூன்று யார் என்று யாருக்கும் தெரியவில்லை. இதில் ஆச்சரியம் இல்லை. வைஃபையில் இருக்கிற போனில் க்யூஆர் கோடைக் காட்டி, பாஸ்வேர்டு சொல்லாமலேயே இன்னொருவரைச் சேர்த்துவிடலாம். அவர் இன்னொருவரைச் சேர்ப்பார்.

அப்பா பாஸ்வேர்டை மாற்றச் சொன்னார். அம்மா விடவில்லை. “படிக்கிற பிள்ளை. இதுல என்ன குறைஞ்சு போகுது?” என்றார்கள். அப்பா, “படிக்கட்டும், நான் வேண்டாங்கல. ஆனா நம்ம பேர்ல யாரு போறா வர்றான்னு தெரியணும்ல?” என்றார். எனக்கு இரண்டு பேர் சொன்னதும் சரி என்றுதான் பட்டது.

இதற்காகவே ரூட்டரில் ‘கெஸ்ட் நெட்வொர்க்’ என்று ஒன்று இருக்கிறது. அதே ரூட்டரில் இன்னொரு பெயர், இன்னொரு பாஸ்வேர்டு. திண்ணையில் உட்காரலாம், அடுப்படிக்குள் வர முடியாது என்பது மாதிரி, அதில் இருப்பவர்களுக்கு நெட் கிடைக்கும், ஆனால் நம் கேமராவும் லேப்டாப்பும் தெரியாது. சில ரூட்டர்களில் அதற்கு மட்டும் வேகத்தைக் குறைத்து வைக்கலாம், நேரமும் போடலாம். வீட்டு பாஸ்வேர்டை மாற்றினோம். கெஸ்ட் பாஸ்வேர்டை அம்மாவே போய் அக்காவிடம் சொல்லி, “வேற யாருக்கும் காட்டாதம்மா, மாமா பேர்ல இருக்கு” என்றார்கள். அக்கா தலையை ஆட்டினாங்க. கெஸ்ட் பட்டியலில் இப்போது இரண்டு பெயர்தான். மாதம் ஒரு தடவை நான் பார்க்கிறேன். அது மூன்று ஆனால் அந்த ஒரு பாஸ்வேர்டை மட்டும் மாற்றினால் போதும், டிவியையும் கேமராவையும் தொட வேண்டியதில்லை. அந்த மூன்று பேர் யார் என்பது கடைசி வரை தெரியவில்லை. இரண்டு நாள் கழித்து எதிர் வரிசையில் ஒரு பையன் மட்டும் “உங்க வீட்ல நெட் போயிருச்சா?” என்று கேட்டான்.

இனி உங்களுக்கு ஒரு வேலை. கீழே உள்ளவை நான் கற்பனையாக எழுதிய நான்கு மேக் முகவரிகள். எவை கம்பெனி கொடுத்தவை, எவை போன் தானாக உருவாக்கியவை?

3சி:52:1ஏ:70:08:4டி
டி2:4ஏ:91:0பி:66:எஃப்3
88:07:சி1:25:9இ:10
5இ:33:எஃப்0:62:ஏ7:1பி

விடையைப் பைனரியோடு எழுதி, பெயர், வகுப்பு போட்டு கம்ப்யூட்டர் லேப் வாசலில் உள்ள பெட்டியில் போடவும். சரியாக எழுதியவர்கள் பெயர் அடுத்த இதழில் வரும்.

— பதினோராம் வகுப்பு, கணினி அறிவியல் பிரிவு