முதலாளி இல்லாத அரட்டை

அன்புள்ள கதிர்,

"மேட்ரிக்ஸுக்கு முதலாளியே கிடையாதாமே, அப்புறம் வம்பு செய்கிறவனை யார் வெளியே தள்ளுவது சித்தப்பா?" என்று கேட்டிருக்கிறாய். நல்ல கேள்விதான். பலர் தனித்தனியே நடத்தும் சர்வர்கள் கைகோத்து ஓடுகிற அரட்டை வலை அது, ஒற்றை முதலாளி இல்லைதான். ஆனால் பதில் வருவதற்குள் அங்கே ஓர் அரட்டை அறை திறந்து கூட்டாளிகள் எல்லாருக்கும் அழைப்பு அனுப்பிவிட்டாயே, அதற்கு உன் காதைத் திருக வேண்டும்.

முதலில் உன் பெயர். வாட்ஸ்அப்பில் நீ ஒரு போன் நம்பர். மேட்ரிக்ஸில் நீ ஒரு முகவரி. அதன் முன்பாதி உன் பெயர், பின்பாதி நீ கணக்குத் தொடங்கிய சர்வரின் பெயர். அந்தப் பின்பாதியைப் பற்றி நீ ஒரு வார்த்தை எழுதவில்லை. யாரோ ஆர்வத்தில் நடத்துகிற சர்வராக இருந்து, நாளைக்கு அவர் இழுத்து மூடினால் உன் ஐடியும் அதோடு போச்சு. "நாஸ்டர் என்று முதலாளியில்லாத இன்னொரு வலை இருக்கிறதே, அதில் அந்தத் தொல்லை இல்லையே" என்பாய். இல்லைதான். அங்கே உன் அடையாளம் ஒரு சாவி, எந்த சர்வர் மூடினாலும் நீ நீதான். ஆனால் ரகசியச் சாவி களவு போனால் மாற்றித் தர ஆளில்லை. போகிற இடத்திலெல்லாம் போனை மறந்துவிட்டு வருகிற உனக்கு அது சரிப்படாது.

திரையில் தெரியும் பெயரை வைத்து ஆளை நம்பாதே. உன் பெயரையும் படத்தையும் யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். ஆள் அவர்தானா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது: சரிபார்ப்பைத் தொடங்கினால் இருவர் திரையிலும் ஏழு எமோஜிகள் வரும். போனில் கூப்பிட்டு, யானை, குடை, சைக்கிள் என்று வரிசையாகப் படித்து ஒப்பிட வேண்டும். சோம்பல்பட்டு அதே அரட்டையிலேயே எமோஜியை அனுப்பிக் கேட்டாயானால், நடுவில் ஒருவன் உட்கார்ந்திருந்தால் அவனும் சரியான பதிலையே அனுப்புவான்.

ஆளைச் சரிபார்ப்பதில் அரசாங்கமே சறுக்கியிருக்கிறது. 2019 ஏப்ரலில் பிரான்ஸ் தன் ஊழியர்களுக்காக மேட்ரிக்ஸின் மேல் கட்டிய 'சாப்' செயலியை வெளியிட்டது. அரசு ஈமெயில் இருந்தால்தான் சேரலாம். ஓர் ஆய்வாளர் தன் சொந்த முகவரியின் வாலில் ஜனாதிபதி மாளிகை முகவரியை ஒட்டிக் கொடுத்தார். செயலி வாலைப் பார்த்து அனுமதித்தது; உறுதிப்படுத்தும் மடலோ அவருடைய சொந்தப் பெட்டிக்குப் போனது. உள்ளே நுழைந்தவர் தானே தகவல் சொன்னார், ஓட்டையை அடைத்தார்கள்.

இப்போது உன் வம்புக்காரன். அறைக்குள் ஒவ்வொருவருக்கும் ஓர் அதிகார எண் உண்டு. புதிதாக வருகிறவருக்கு 0, வெளியேற்றவும் தடை போடவும் பொதுவாக 50, அட்மினுக்கு 100. உன்னைத் தெரியும் எனக்கு, சமத்துவம் என்று சொல்லி எல்லாருக்கும் 100 கொடுத்திருப்பாய். 100 கொடுத்தவரை இன்னொரு 100 இறக்க முடியாதடா. அதற்காக நீ ஒருவனே அட்மினாக இருக்காதே. உன் கணக்கு போனால் அறை அநாதையாகிவிடும்.

"கெட்ட பதிவை அழித்துவிட்டேன், போதாதா?" போதாது. உறுப்பினர்களின் சர்வர் ஒவ்வொன்றிலும் அறையின் பிரதி இருக்கிறது. நீ அழித்தால் அந்த சர்வர்களுக்கெல்லாம் கட்டளை போகும், ஒழுங்கான சர்வர்கள் கேட்கும், கேட்காத சர்வரை ஒன்றும் செய்ய முடியாது. விரட்டியவன் வேறு சர்வரில் புது ஐடி எடுத்து வருவான். தொல்லை எல்லை மீறினால் ஒரு சர்வரையே அறையிலிருந்து ஒதுக்கலாம், ஆனால் அங்கிருக்கும் நல்லவர்களும் சேர்ந்தே வெளியே போவார்கள். ஆகவே அதைக் கடைசியில் வைத்துக்கொள். பிறர் தொகுத்த தடைப்பட்டியலை 'டிராப்னிர்' போன்ற தானியங்கி நிரல் (பாட்) மூலம் உன் அறைக்கும் பொருத்தலாம். பொருத்துமுன் பட்டியலைத் தொகுப்பவர் யார், எதற்காகத் தடை போடுகிறார் என்று படி. இல்லாவிட்டால் முன்பின் தெரியாதவரின் கோபத்துக்கு உன் நண்பன் பலியாவான்.

"சர்வர்காரர் பார்த்துக்கொள்ள மாட்டாரா?" என்கிறாயா? என்கிரிப்ஷன் போட்ட அறையில் நீங்கள் பேசுவதை அவரால் படிக்க முடியாது. உள்ளே இருப்பவர் புகார் செய்தால்தான் அவருக்கே தெரியும். அறையைக் கண்காணிக்கும் வேலை உங்களுடையது.

இன்றைக்கே நிதானமான ஒருத்தரைப் பார்த்து இரண்டாவது அட்மினாக்கு. என்கிரிப்ட் ஆன பழைய செய்திகளை மீட்க உதவும் ரெகவரி கீயைத் தாளில் எழுதி அலமாரியில் வை. ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதே போனில் வைத்தாயானால் அடுத்த கடிதம் இவ்வளவு இதமாக இருக்காது. எந்த சர்வர் என்று மறக்காமல் எழுது.

அன்புடன்,
சித்தப்பா