மலை சரியும்போது ஆறுதல் எங்கே?



பூண்டுலோயாவில் நின்று எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணுக்கு முன்னே மலைதான். தோட்டத்து மக்களுக்கு இந்தச் சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு. ‘இன்றைக்கு எந்த மலையில் வேலை?’ என்று காலைப் பெரட்டில் கேட்பார்கள். கொழுந்து பறிக்கும் இடமும் மலை, குடும்பத்துக்குச் சோறு போடும் இடமும் மலை. ஆகவே, கண்களை மலைகளை நோக்கி உயர்த்தி, தனக்கு உதவி எங்கிருந்து வரும் என்று கேட்கிற 121-ஆம் திருப்பாடலின் மனிதனை, சமவெளியில் வாழ்கிறவர்களைவிட நாம் சுலபமாகப் புரிந்துகொள்வோம். (இலத்தீன் வரிசைப்படி எண்ணிட்ட பழைய புத்தகங்களில் இது 120-ஆம் சங்கீதம். பாட்டியின் புத்தகம் வீட்டில் இருந்தால் ஓர் எண் குறைத்துத் தேடுங்கள்.)

இந்தத் திருப்பாடலைப் பலர் தவறாகப் பொருள்கொள்வதுண்டு. உதவி மலையிலிருந்து வருகிறது என்று அவன் சொல்லவில்லை. 120 முதல் 134 வரையுள்ள 15 திருப்பாடல்களும் எருசலேமுக்கு ஏறிச் சென்ற யாத்திரிகரின் பாடல்கள். அவர்களுக்கு மலைப்பாதை என்றால் கள்வர் பயம், கால் வழுக்கும் பள்ளம், பகலில் வெயில், இரவில் குளிர். மலையைப் பார்த்ததும் அவனுக்கு முதலில் எழுந்தது அச்சமே என்று கொள்வதுதான் பொருத்தம். மலையையும் வானத்தையும் படைத்தவரிடமிருந்தே உதவி வரும், அவர் கண்ணயர்வதில்லை, காலை இடற விடுவதில்லை என்று தன் நெஞ்சுக்குத் தானே சொல்லிக்கொண்டு அவன் நடக்கிறான். நம் முன்னோர் கப்பலிறங்கி மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழியாக மாத்தளைக்கு நடந்தபோது, வழியிலே விழுந்து மடிந்தோர் எத்தனையோ பேர். மலையகத்தின் 200 ஆண்டுகளை நினைத்து 2023-இல் ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மீண்டும் ஒரு நடைபயணம் நடந்தது. அந்தப் பாதைக்கு ஏற்ற செபம் இது.

ஆனால் அந்த மலையே சரிந்து விழுந்தால்?

2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டைத் தாக்கியபோது அறுநூறுக்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களில் மண்சரிவு குடும்பம் குடும்பமாகக் கொண்டுபோயிற்று. உறங்காத ஆண்டவர் அன்றிரவு எங்கே இருந்தார் என்று ஒரு தாய் கேட்டால் நாம் என்ன சொல்வது? அவளை அடக்க வேண்டாம். ஆண்டவரே, ஏன் தூங்குகிறீர் என்று அதே வேதப் புத்தகத்தில் 44-ஆம் திருப்பாடல் கேட்கிறது. உறங்காதவர் என்று புகழும் பாட்டையும், ஏன் உறங்குகிறீர் என்று முறையிடும் பாட்டையும் திருச்சபை ஒரே புத்தகத்தில் வைத்துக் காப்பாற்றி வந்திருக்கிறது. படகின் பின்புறம் இயேசு தூங்கியபோது சீடர்கள் அவரை உலுக்கி எழுப்பினார்கள். அவர்களுடைய விசுவாசக் குறைவைக் கண்டித்தாலும், அவர் முதலில் காற்றைத்தான் அடக்கினார் என்று மாற்குவும் லூக்காவும் எழுதுகிறார்கள்.

இழவு வீட்டிலே நம்மவர் சொல்லும் சில வார்த்தைகளை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. ‘ஏதோ பாவம் செய்திருப்பார்கள்’, ‘நேர்த்தியைச் செலுத்தாமல் விட்டார்கள்’, ‘ஆண்டவர் தாம் நேசிக்கிறவர்களைத்தான் எடுத்துக்கொள்வார்’. நல்ல மனதோடு சொன்னாலும் இவை புண்ணிலே உப்பு. இயேசுவின் காலத்தில் சிலோவாமில் ஒரு கோபுரம் விழுந்து 18 பேர் இறந்தார்கள். மற்றவர்களைவிட அவர்கள் பெரிய பாவிகளா என்று அவரே கேட்டு, இல்லை என்று அவரே பதில் சொல்லிவிட்டார் (லூக்கா 13). பார்த்துக்கொண்டிருந்தவர்களைத்தான் மனந்திரும்பச் சொன்னார். சரிந்த கோபுரத்துக்குச் சொன்னது சரிந்த மலைக்கும் பொருந்தாதா?

யோபுவின் நண்பர்களை எல்லோரும் குறை சொல்கிறோம். அவர்கள் முதலில் செய்தது நல்ல காரியமே. ஏழு பகலும் ஏழு இரவும் அவனோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார்கள். வாயைத் திறந்து விளக்கம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் தொல்லையே ஆரம்பித்தது.

இனி எலியா தீர்க்கதரிசியைப் பாருங்கள். அரசர் முதலாம் புத்தகத்தின் 19-ஆம் அதிகாரம், துன்பத்திலுள்ள வீட்டில் முதலில் வாசிக்க வேண்டிய பகுதி என்பது என் எண்ணம். அரசியின் பகைக்கு அஞ்சி வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு செடியின் நிழலில் விழுந்து, தன் உயிரை எடுத்துக்கொள்ளும்படி ஆண்டவரிடம் கேட்கிறார். தீர்க்கதரிசியே சாவைக் கேட்கிறார்! வானதூதர் அவருக்கு உபதேசம் செய்யவில்லை, கண்டிக்கவும் இல்லை. தழலில் சுட்ட அப்பமும் ஒரு பாத்திரம் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடு என்றார். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் தூங்கினார். தூதர் இரண்டாம் முறையும் வந்து, வழி நீண்டது என்று சொல்லி இன்னும் சாப்பிட வைத்தார். ஆண்டவர் மெல்லிய ஒலியில் பேசியதெல்லாம், நாற்பது நாள் நடந்து ஓரேபு மலையை அடைந்த பிறகுதான்.

நம் லயத்திலே அந்த அப்பம் ரொட்டியும் தேத்தண்ணியும் அல்லவா? மரண வீட்டில் அடுப்பு எரியாத நாளில் அடுத்த காம்பராக்காரி ரொட்டி தட்டிக் கொண்டுவருகிறாள். அவள் முருகனைக் கும்பிடுகிறவளாகவும் இருக்கலாம். ஆண்டவர் தம் தூதர்களை நம் பங்குப் பதிவேட்டைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறார் என்று எங்கும் எழுதியில்லை.

கண்டி மண்ணிலே இதற்குச் சிறந்த முன்மாதிரி உண்டு. கோவாவைச் சேர்ந்த யோசேவ் வாஸ் அடிகளார் 1687-இல் இலங்கைக்குக் கூலியாள் வேடத்தில் வந்தவர். கண்டியிலே ஒற்றன் என்று சந்தேகிக்கப்பட்டுச் சிறைப்பட்டார். 1697-இல் அந்நகரைப் பெரியம்மை தாக்கி, வசதியுள்ளோர் ஓடிப்போனார்கள். கைவிடப்பட்ட நோயாளிகளை அவரும் அவர் உறவினரான யோசேவ் கார்வாலோ அடிகளாரும் தேடிச் சென்று, உணவு ஊட்டி, புண்ணைக் கழுவி, இறந்தோரை அடக்கம் செய்தார்கள். சமயம் பார்க்கவில்லை. 1711 ஜனவரி 16-இல் கண்டியிலே உயிர்நீத்த அவரை 2015 ஜனவரி 14-இல் பிரான்சிஸ் பாப்பரசர் காலிமுகத்திடலில் புனிதராக உயர்த்தினார்.

விசுவாசத்தின் ஆறுதல் ஏழையை வாயடைக்கும் மருந்து என்று சிலர் ஏளனம் செய்வார்கள். அதில் ஓரளவு நியாயம் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. மீரியபெத்தை ஆபத்தான இடம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005-இலும் 2011-இலும் எச்சரித்திருந்தது. மக்கள் அங்கேயே இருந்தார்கள். போக நிலம் வேண்டுமே! லயங்கள் நிற்கும் நிலம் பெரும்பாலும் அங்கு வாழ்கிறவர்களுக்குச் சொந்தமல்ல. இதை ‘ஆண்டவருடைய சித்தம்’ என்று சொல்வது அவர்மேல் பொய்ப்பழி சுமத்துவதாகும். பூண்டுலோயா டன்சினன் தோட்டத்தில் 2018-இல் இந்திய உதவியோடு 404 வீடுகள் கையளிக்கப்பட்டன. செய்ய முடியும் என்பதற்கு அது சாட்சி. வெடிப்பு விட்ட நிலத்தைப் பற்றிக் கிராம சேவகரிடம் எழுத்தில் கொடுப்பதும், மழைக்காலத்தில் எச்சரிக்கை வந்தால் செபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டைவிட்டு உடனே இறங்குவதும் விசுவாசக் குறைவல்ல.

பவுல் அப்போஸ்தலர் கொரிந்தியருக்கு இரண்டாவது திருமுகத்தைத் தொடங்கும்போது, ஆசியாவிலே தாம் பிழைப்போம் என்ற நம்பிக்கையையே இழந்ததாக ஒளிக்காமல் சொல்கிறார். ஆண்டவர் தமக்குத் தந்த ஆறுதல், துன்பப்படும் மற்றவர்களுக்கு ஆறுதல் சொல்வதற்கே என்றும் சொல்கிறார். பிள்ளையை இழந்த தாயிடம், முன்பு பிள்ளையை இழந்த இன்னொரு தாயை அனுப்புங்கள். பங்குச் சபைகளும் மரியாயின் சேனையும் இதை ஒழுங்காகச் செய்தால், நீண்ட பிரசங்கங்கள் பாதி குறையும்.

ஒரு யோசனை. செபிக்க வார்த்தை வராத வீட்டில் 88-ஆம் திருப்பாடலை எடுங்கள். மற்ற புலம்பல்கள் பெரும்பாலும் கடைசியில் ஒரு நம்பிக்கை வார்த்தையோடு முடியும். இது அப்படியில்லை, இருளிலேயே முடிகிறது. ஆயினும் தொடக்கத்தில் ஆண்டவரைத் தன் மீட்பர் என்று அழைத்துவிட்டுத்தான் அழுகிறது. திருச்சபையின் திருப்புகழ்மாலையில் வெள்ளிக்கிழமை இரவுச் செபத்துக்கு இதுவே வைக்கப்பட்டிருக்கிறது. வரும் வெள்ளியன்று விளக்கை ஏற்றி, வீட்டில் நன்றாக வாசிக்கத் தெரிந்த பிள்ளையை மெதுவாக வாசிக்கச் சொல்லுங்கள். முடிந்ததும் விளக்கம் ஒன்றும் வேண்டாம். சற்று நேரம் மௌனமாயிருந்து, ஒரு பரலோக மந்திரம் சொல்லிவிட்டுப் படுக்கப் போகலாம். 121-ஐ விடிந்த பிறகு, மலைக்கு ஏறும் முன் வாசித்துக்கொள்ளலாம்.